தோல் குப்பையல்ல: கிடா வெட்டும் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கிடாவெட்டு வீட்டார் அனைவருக்கும்,

குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறவர்கள், பக்ரீத்துக்குக் குர்பானி கொடுக்கிறவர்கள், பிள்ளைக்குக் காது குத்திக் கறிவிருந்து போடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை நடத்துகிறவர்கள் என எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவன். கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகக் கிடா வெட்டிவரும் குடும்பம் எங்களுடையது.

போன ஆடியில் எங்கள் கோயிலில் 21 கிடா வெட்டினோம். தொடைக்கறி விருந்துக்குப் போனது. குடல் குழம்பானது. ரத்தம் பொரியலானது. தலையும் காலும் போக வேண்டிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கேட்க ஆளில்லாமல் கிடந்தவை 21 தோல்கள் மட்டும்தான். முன்பெல்லாம் தோல் மண்டிக்காரர் சைக்கிளில் வந்து எண்ணி வாங்கிப்போவார். தோல் விலை விழுந்தபிறகு வண்டிச் செலவுக்கே கட்டவில்லை என்று அவர் வருவதை நிறுத்திவிட்டார். தோல்களை ஓடைக்கரையில் வீசினார்கள். மறுநாள் நாய்கள் இழுத்தன. மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. சாமிக்கென்று நேர்ந்து, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தலையாட்டும்வரை காத்திருந்து வெட்டிய உயிரின் மேனி அது. அதை அப்படிக் கிடக்கவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த ஆண்டு உங்கள் வீட்டில் வெட்டும் கிடாவின் தோல் ஒன்றையாவது வீசாமல் வைத்து, உங்கள் கையாலேயே பதனிட்டுப் பாருங்கள். ஆலை வேண்டாம், இயந்திரம் வேண்டாம். கல்லுப்பு, சுண்ணாம்பு, தவிடு, ஆவாரம்பட்டை, கொஞ்சம் எண்ணெய், ஒன்றரை மாதப் பொறுமை, இவ்வளவும் போதும்.

எங்கள் தாத்தா காலத்தில் தோல் இல்லாமல் வெள்ளாமை இல்லை. கிணற்று நீர் இறைக்கும் கமலைச் சாலின் அடியில் துதிக்கை போலத் தொங்கிய தும்பி தோல். கொல்லர் பட்டறைத் துருத்தி தோல். மாட்டுக் கழுத்துச் சலங்கை வார் தோல், காட்டுக்குப் போட்டுப்போன செருப்பு தோல். இவ்வளவையும் செய்து தந்தவர்கள் எங்கள் ஊர் அருந்ததியர் தெருக்காரர்கள். அறுவடைக் களத்தில் தானியம் அளந்து கொடுத்தோம். ஆனால் அவர்கள் செய்த செருப்பைக் காலில் போட்டுக்கொண்டே அவர்களை வாசலுக்கு வெளியே நிற்கவைத்தோம். இதை எழுதாமல் தோலைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

நான் முதலில் பதனிட்ட தோல் கெட்டுப்போனது. எங்கோ படித்ததை வைத்துக்கொண்டு உப்பும் படிகாரமும் கலந்து பூசினேன். வெள்ளை வெளேரென்று வந்தது. காய்ந்ததும் பலகை போல விறைத்தது. மழையில் ஒருமுறை நனைந்ததும் படிகாரம் கழன்று, மறுபடி பச்சைத்தோலாகி நாறியது. படிகாரம் தோலோடு இறுகப் பிணைவதில்லை, தண்ணீர் பட்டால் வெளியேறிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தத் தோலை எடுத்துக்கொண்டு, எண்பது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவரிடம் போனேன். சிறுவயதில் தன் அப்பாவோடு பட்டைக் குழியில் வேலை செய்தவர். முதல் நாள் என்னைச் ‘சாமி’ என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பல நாள் கழித்துத்தான் ‘தம்பி’ வந்தது. அவர் சொன்ன ஒரு வார்த்தையை மறக்கவே முடியாது: “பட்டை தோலைச் சாகாம வெக்கும் தம்பி. மெத்துனு ஆக்கறது கைதான்.”

இனி வேலைக்கு வருவோம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு வெள்ளாட்டுத் தோலைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. நன்றாக இருந்து வெட்டப்பட்ட ஆட்டின் தோலை மட்டுமே எடுங்கள். காரணம் தெரியாமல் திடீரென்று செத்த ஆட்டை, அதிலும் மூக்கிலோ வாயிலோ உறையாத ரத்தம் வடிந்திருந்தால், தொடவே தொடாதீர்கள். அது அடைப்பான் நோயாக இருக்கலாம். ஆந்த்ராக்ஸ் என்பதும் அதைத்தான். அதன் வித்துக்கள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், மனிதருக்கும் தொற்றும். அந்த ஆட்டை அறுக்காமல், உரிக்காமல், கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

உரிக்கும்போது வயிற்றுக் கோட்டைக் கீறியபிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முட்டியால் தள்ளி உரிப்பதுதான் நல்லது. உள்பக்கம் விழும் ஒவ்வொரு கத்திக் கீறலும் பின்னால் கிழிசலாகும். உரித்த தோலில் ரத்தம் போகக் கழுவி, நீரை வடியவிட்டு, நிழலில் முடிப்பக்கம் கீழே இருக்கும்படி விரியுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உப்புப் போட்டாக வேண்டும். தோலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், மீதியில் பெரும்பங்கு புரதம். கிருமிக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. 700 கிராம் கல்லுப்பைப் பொடித்து, கழுத்து, கால், ஓரம் எதையும் விடாமல் தேயுங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள். ஈரத்தோல் 60 பாகை வெப்பத்தைத் தாண்டியதும் சுருங்கத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் பாறைமேல் விரித்த தோல் வெந்து வஜ்ஜிரப்பசையாகும், தோலாக இருக்காது. உப்பிட்டு மடித்த தோல் சில வாரம் தாங்கும். விருந்து முடிந்து உறவினர் ஊருக்குக் கிளம்பியபிறகு மீதி வேலையைத் தொடங்கலாம்.

தொடங்கும் நாளில் உப்பை உதறிவிட்டு ஓர் இரவு நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றினால் தோல் பழைய மென்மைக்குத் திரும்பும். அடுத்தது சுண்ணாம்பு. 150 கிராம் சுண்ணாம்பை நீற்றி, ஆறிய பிறகு, பிளாஸ்டிக் டிரம்மில் 6 லிட்டர் தண்ணீரோடு கலக்குங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். தோலை அமிழ்த்தி, தினம் இரண்டு தடவை கோலால் புரட்டுங்கள். ஒரு வாரத்தில் கட்டைவிரலால் தள்ளினாலே முடி கழன்று வரும். உருண்டையான மரக்கட்டை மேல் தோலைப் போர்த்தி, கத்தியின் மழுங்கிய முதுகால் முடியைத் தள்ளுங்கள். பிறகு திருப்பிப் போட்டுச் சவ்வையும் ஒட்டியிருக்கும் கறியையும் சுரண்டுங்கள். சுண்ணாம்பின் வேலை முடி கழிப்பதோடு முடிவதில்லை. தோலுக்குள் பின்னிக்கிடக்கும் கொலாஜன் நார்களுக்கு நடுவில் பசைபோல அடைத்திருக்கும் வேறு புரதங்களைக் கரைத்து, நார்களைப் பிரித்து, பட்டைச்சாறு நுழைய வழி செய்வதும் அதுதான்.

வேலை முடிந்ததும் சுண்ணாம்பு வெளியே போயாக வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பலமுறை கழுவியபின், கோதுமைத் தவிட்டைக் கரைத்துப் புளிக்கவைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு போடுங்கள். புளிப்பு சுண்ணாம்பை முறிக்கும். ரப்பர் போலப் புடைத்திருந்த தோல் தளர்ந்து, விரலால் அழுத்தினால் தடம் நிற்கும். சுண்ணாம்பு முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்கக் கடையில் மருந்து வாங்க வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். தடித்த கழுத்து ஓரத்தில் சிறு துண்டு வெட்டி, வெட்டுவாயில் மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். சிவந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. மஞ்சளாகவே இருந்தால் பட்டைக்குப் போகலாம்.

நம் மண்ணின் பெருமை இருக்குமிடம் இந்தப் பட்டைதான். பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் காப்புக்கட்டுகிறோமே, அந்த ஆவாரம்பூவின் செடிதான் தென்னாட்டுத் தோல் தொழிலைத் தூக்கி நிறுத்தியது. தரிசிலும் வறட்சியிலும் தானாக முளைக்கும் ஆவாரையின் பட்டையில் பதனிட்ட தோல், சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் என்று வணிகத்தில் பெயர் பெற்று, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி ஊர்களின் தோல் பதனிடும் ஷாப்புகள் இந்தப் பட்டையை நம்பி வளர்ந்தவை.

பட்டைக்குள் இருப்பது துவர்ப்பு. கொட்டைப்பாக்கை மெல்லும்போது நாக்கு இழுத்துக்கொள்கிறதல்லவா? பாக்கின் துவர்ப்பு எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் அப்படி வறள்கிறது. டேனின் என்கிற அதே பொருள் தோலின் கொலாஜன் நார்களைப் பிடித்துக்கொண்டால் கிருமியால் அதைத் தின்ன முடியாது. தண்ணீரில் ஊறினாலும் அழுகாது. 60 பாகையைத் தாண்டியதும் சுருங்கத் தொடங்கிய தோல், 75, 80 பாகை வரை தாங்கும். பதனிடுதல் என்பதன் சாரம் இவ்வளவுதான்.

காய்ந்த ஆவாரம்பட்டை 2 கிலோ இடித்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காத ஊரில் கருவேலம்பட்டையோ கொன்றைப்பட்டையோ ஆகும். பட்டைக்காகச் செடியை வேரோடு பிடுங்காதீர்கள், கிளையை வெட்டினால் மீண்டும் தழைக்கும். வெந்நீரில் ஊறவைத்து வடித்து, நன்றாக ஆறிய சாற்றில் தோலைப் போட வேண்டும். இரும்புப் பாத்திரம், இரும்பு ஆணி, துருப்பிடித்த வாளி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் மைபோலக் கறுத்துவிடும்.

இங்கே அவசரம்தான் எதிரி. முதல் 3 நாள் நீர்த்த சாறுதான் போட வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியைக் கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் அடர்ந்த சாற்றில் போட்டால் மேல்பரப்பு இறுகிக் கதவடைத்துவிடும். மேலே வெந்து உள்ளே அரிசியாக நிற்கும் சோற்றின் கதைதான். முதல் நாள் அடிக்கடி புரட்டிவிடுங்கள், இல்லையென்றால் மடிப்பு விழுந்த இடம் திட்டுத்திட்டாக நிற்கும். மூன்று வாரம் போனதும் கழுத்து ஓரத்தை மறுபடி வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் சில நாள். வெட்டுவாய் முழுக்க ஒரே நிறமானால் தோல் ஆயிற்று. கடைசி இரண்டு நாள் கடுக்காய்ச் சாற்றில் போட்டெடுத்தால் ஆவாரைத் தோலின் இளமஞ்சள் நிறம் வெயில் பட்டுச் சிவந்துபோவது குறையும்.

பெரியவர் சொன்ன கை வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கழுவிப் பிழிந்த ஈரத்தோலின் இருபுறமும் புங்க எண்ணெய் தடவுங்கள், 70 கிராம் போதும். ஈரத்தோடு தடவினால்தான், தண்ணீர் வெளியேறும் இடத்தில் எண்ணெய் உள்ளே போகும். காய்ந்தபிறகு ஊற்றும் எண்ணெய் மேலேயே நிற்கும். நிழலில் தொங்கவிட்டுக் காத்திருங்கள். நார்களுக்கு நடுவிலிருந்த தண்ணீர் போகப்போக நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கஞ்சி போட்டுக் காயவைத்த வேட்டி எப்படி விறைக்கிறதோ அப்படித் தோலும் விறைக்கும். ஒட்டுவதற்குள் பிரித்துக்கொண்டே இருந்தால்தான் மென்மை வரும்.

அந்தப் பதத்தைப் பிடிப்பதுதான் கலை. தோலை மடித்து இழுத்தால் மடிப்பில் நிறம் வெளுக்க வேண்டும். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அப்போது, தரையில் நட்டு விளிம்பு மழுக்கிய பலகையின் மேல், இரண்டு கையாலும் தோலைப் பிடித்து இடவலமாக இழுங்கள், நீளவாக்கிலும் அகலவாக்கிலும். கை சலித்தால் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு மறுபடி இழுங்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டு முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி நனைத்து ஈரப்பதத்துக்குக் கொண்டுவர வேண்டும், காய்ந்ததை முரட்டுத்தனமாக இழுத்தால் மேல்பரப்பு வெடிக்கும். எனக்கு இரண்டு நாளில் மொத்தம் 5 மணி நேரம் பிடித்தது. தோள்பட்டை கழன்றுபோனது. ஆனால் கடைசியில், பலகையாய் விறைக்கப் போன தோல் துணி போல மடங்கி விழுந்த அந்த நிமிடத்துக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன். அதில் தைத்த பையில்தான் இன்று என் கண்ணாடியும் கணக்கு நோட்டும் இருக்கின்றன.

ஐந்து மணி நேரம் நான் இழுத்தது ஒரே ஒரு தோல். வாழ்நாள் முழுக்க இழுத்தவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? கூலியைக் குறைத்தும் பெயரைத் தாழ்த்தியும் வைத்தோம். மிருதங்கத்தின் நாதத்துக்குத் தோல் தேர்ந்து தந்தவர்களின் பெயர்கள் கச்சேரி மேடையில் ஒலிக்கவில்லை. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் அவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. 2016இல் குஜராத்தின் ஊனா பகுதியில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். நாற்றம் தோலில் இல்லை, நம் பார்வையில் இருக்கிறது.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அருந்ததியர் தெருப் பிள்ளைகளை மறுபடி இந்த வேலைக்கு அழைக்கும் மடல் அல்ல இது. பெரியவரின் பேத்தி நர்சிங் படிக்கிறாள், அதுதான் நியாயம். இந்த வேலைக்கு அழைக்கப்படுகிறவர்கள் நாம். கறி தின்ற கை தோலுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

‘அதற்குத்தான் ஆலைகள் இருக்கின்றனவே’ என்பீர்கள். ஆலை நம்மை எங்கே கொண்டுவந்து வைத்தது என்பதையும் பாருங்கள். ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் சென்னையில் 1903இல், குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். 1912இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரம் பக்கம் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. பட்டைக்கு வாரங்கள் ஆகும் வேலையைக் குரோமியம் ஒரு நாளில் முடித்துவிடும். அந்த வேகத்தோடு கழிவும் வந்தது. ஆலையில் ஒரு கிலோ பச்சைத்தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும், அது உப்போடும் ரசாயனத்தோடும் வெளியே வரும். ஆலைகள் பெருகிய பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. அதன் பிறகும், 2015 ஜனவரி முடிவில், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். நாம் மறந்துவிட்ட வேலையின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

வீட்டுப் பதனிடலிலும் கழிவு உண்டு. அதையும் பொறுப்போடு பாருங்கள். குரோமிய உப்பை வீட்டில் தொடவே வேண்டாம். கழித்த முடியையும் ஊறிய பட்டையையும் எருக்குழியில் போடலாம். சவ்வை ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளியவிட்டு, வண்டலைத் தென்னை மரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடலாம். ஆனால் உப்பை எந்த மண்ணும் செரிக்காது. அதனால் முதலில் உதறும் உப்பைச் சேர்த்து வைத்து அடுத்த தோலுக்குப் பயன்படுத்துங்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் ஊறல் போடாதீர்கள். ஒரு தோலின் உப்பை எங்கே கொட்டுவது என்று யோசித்தவர்களுக்குத்தான் பாலாற்றின் துயரம் புரியும்.

கோயில் கமிட்டிக்காரர்களே, ஜமாத்துப் பெரியவர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். விழா நாளில் தோல் சேர்க்க நிழலான ஓர் இடம் ஒதுக்குங்கள். அங்கே இரண்டு மூட்டை உப்பும், உப்பிடத் தெரிந்த இரண்டு பேரும் இருக்கட்டும். பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் ஆகும் செலவில் இது கால்தூசு. உப்பிட்ட தோல் அழுகாமல் நிற்கும், விலை வரும்வரை காத்திருக்கும். தெரிந்த முதியவர் ஊரில் இருந்தால் கூலி கொடுத்து, நாற்காலி போட்டு, முன்வரிசையில் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் அதிக நாள் இருக்கப்போவதில்லை.

எனக்குக் கற்றுத்தந்த பெரியவர் போன மார்கழியில் காலமானார். அவர் கைபிடித்துக் காட்டிய பதம் என் கையில் இருக்கிறது. அதை உங்கள் கைக்கு மாற்றத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அடுத்த முறை கிடா வெட்ட மளிகைச் சாமான் பட்டியல் போடும்போது, கல்லுப்பு ஒரு கிலோ கூடுதலாக எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கிடாவெட்டு வீட்டான் ஒருவன்